பூ மாதிரி ஓடுது

அப்பாவின் வலது கை முழங்கை வரை பெட்ரோல் டேங்குக்குள் மாட்டியிருந்தபோதுதான் பெரியப்பா போன் செய்தார்.

காரின் பின்சீட்டைக் கழற்றி வெளியே எடுத்திருந்தோம். சீட்டுக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மூடி, அதற்குக் கீழே டேங்க். பழைய ஃபியூயல் பம்ப்பை அந்த ஓட்டை வழியாகத் தூக்கியபோது ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்க அப்பா ஒரு காந்தத்தை நூலில் கட்டி இறக்கினார். முடிச்சு அவிழ்ந்து காந்தமும் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் எடுக்கக் கையை விட்டார். இரண்டும் கிடைத்தன. ஆனால் மூடிய கை வெளியே வரவில்லை.

"விரலை விரிங்க, கை வந்துரும்" என்றாள் அம்மா.

"விரிச்சா மறுபடியும் விழுந்துரும்."

"அப்ப ராத்திரி வரைக்கும் இப்படியே இருக்கப் போறீங்களா?"

குரங்குப்பிடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அம்மா போனை அப்பாவின் காதருகே பிடித்தாள். பெரியப்பா எப்போதுமே தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார் என்பதால் ஸ்பீக்கர் போடத் தேவையிருக்கவில்லை. வெளியூர் வேலை முடிந்துவிட்டதாம். பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு நாளைக் காலை நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாராம். கடைசியாக, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்பா டேங்கைப் பார்த்தார்.

"பூ மாதிரி ஓடுதுண்ணா."

சொன்ன பொய்யின் அதிர்ச்சியில் கை தானாக விரிந்தது. உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். கை சுலபமாக வெளியே வந்தது, காலியாக.

  அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய வேண்டுமானால் இந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார் பெரியப்பாவுடையது. எனக்குப் பதினாறு வயது. கார் எனக்கு அக்கா முறை. போன வருஷம் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது சாவியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "நான் திரும்பி வரும்போது ஒரு கீறல் இல்லாம இருந்தா வண்டி உங்களுக்கே. கீறல் இருந்துச்சு, நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்." இத்தனை வருஷத்தில் இந்தக் கார் நடு ரோட்டில் நின்றதே இல்லை, அவர் எங்கும் இடித்ததும் இல்லை. இதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததும் இல்லை.

அம்மா வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததாகச் சரித்திரமே கிடையாது. கார் வந்த வாரமே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அதனால் கார் எங்களிடமே தங்குமா தங்காதா என்பது எங்கள் வீட்டில் விளையாட்டு விஷயம் இல்லை.

கீறல்தான் பிரச்சினை. கீறல் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது.

ஒருநாள் அப்பா என்னை டியூஷனிலிருந்து அழைத்துவரும் வழியில் ஒரு கடையின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தப் போனார். அங்கே ஒரு தூண் இருந்தது. முன்பம்பரின் வலது மூலை உள்வாங்கிவிட்டது. அப்பா இறங்கி, தூணை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அது நேற்றுவரை அங்கே இல்லை என்று சொல்லப்போகிறவர் போல இருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லிடாதம்மா கண்ணு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அம்மா காரைப் பின்னால் எடுத்தாள். நான்தான் பின்னால் நின்று வா, வா என்று சொன்னேன். நிறுத்து என்றும் சொன்னேன். அதைக் கேட்டது கேட் மட்டும்தான். பின்பம்பரில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். அம்மா என் தோளில் கைபோட்டு, "அப்பாவுக்குத் தெரிய வேணாம். அவர் மனசு தாங்காது" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தர் முகத்தைப் பார்த்தால் தூண் ஞாபகம் வருகிறது, இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தால் கேட் ஞாபகம் வருகிறது. எதையாவது உளறிவிடுவேனோ என்று வாயைத் திறக்கவே பயம். அப்பா, தூசி படியக் கூடாது என்று காரின் முன்பக்கத்துக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டார். அம்மா, வெயில் படட்டும் என்று செடித்தொட்டிகளைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். வண்டி எடுக்கும்போது அவரவர் மறைப்பை அவரவரே விலக்கி, திரும்பி வந்ததும் அவரவரே வைத்தார்கள். "உங்கப்பாவுக்குத்தான் வண்டி மேல என்ன அக்கறை" என்று அம்மா சொல்வாள். "உங்கம்மாவுக்குச் செடின்னா உயிர்" என்று அப்பா சொல்வார். நான் தலையாட்டுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பெரியப்பா போன் செய்த அன்று காலை கார் கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் கர் கர் என்று இருமியது, பற்றிக்கொள்ளவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து நிறுத்தியபோது நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு யாரும் வண்டியைத் தொடவில்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அப்பா பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டு என்னைச் சாவி போடச் சொன்னார். சாவி போட்டதும் சீட்டுக்கு அடியிலிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் கேட்க வேண்டுமாம். கேட்கவில்லை. பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஆனால் அவர் பெரியப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இந்தக் கார் தும்மினால்கூட முதலில் பெரியப்பாவுக்குப் போன் போகும், அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார். அப்பா கொஞ்ச நேரம் முற்றத்தில் உலாவிவிட்டு, பம்ப்பை நானே மாற்றிவிடுகிறேன் என்றார்.

அப்பா இதற்கு முன் மின்விசிறியைச் சரிசெய்தார். அன்று முழுத் தெருவிலும் கரண்ட் போனது. அதனால் அம்மா இப்போது ஒரு ஆட்டம் ஆடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்களே பண்ணிடுங்க" என்றாள் அம்மா. "மெக்கானிக் எதுக்கு, வண்டியைச் சுத்திச் சுத்திப் பாக்கறதுக்கா?"

கல்யாணமானதிலிருந்து அம்மா அப்பாவின் கைவேலையை நம்பியது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அப்பாவே செய்யட்டும் என்றேன்.

அப்பா பார்த்த வீடியோவில் ஒரு ஆள், புரியாத ஒரு பாஷையில் சிரித்துப் பேசிக்கொண்டே ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பது போல வேலையை முடித்துவிட்டான். அவனுடைய பம்ப்பின் மேல் இருந்த வளையம் பளபளவென்று இருந்தது. எங்களுடையது துருப்பிடித்து டேங்கோடு ஒட்டிக் கிடந்தது. சுத்தியலால் தட்டினால் பொறி பறந்து வீடே போய்விடும் என்பதால் அப்பா மரக்கரண்டி கேட்டார். அம்மா கொடுத்தாள். உடைந்தது. இன்னொன்று கொடுத்தாள். அதுவும் உடைந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றாவதை எடுத்து நீட்டினாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

காலையிலிருந்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மூன்று பேரும் வாழைப்பழம் தின்றோம். பெட்ரோல் நாற்றத்துக்கு நாலு கதவையும் திறந்து வைக்கச் சொன்னாள் அம்மா. இடது பின்கதவு மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் நின்றுதான் ஜன்னல் வழியாக டார்ச் அடிக்கிறேன் என்று நான் சொன்னேன். காற்றுக்கு ஒரு அட்டையால் விசிறவும் செய்தேன். கழற்றிய சீட்டை எங்கே வைப்பது என்று கேட்டார் அப்பா. அதையும் நான்தான் வாங்கி, என் பக்கத்திலேயே கதவில் சாய்த்து வைத்தேன். இவ்வளவு பொறுப்பான பெண்ணை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் போன் வந்தது, கை விரிந்தது, ஸ்க்ரூ விழுந்தது.

"பூ மாதிரியா?" என்றாள் அம்மா.

"வேற என்ன சொல்லச் சொல்ற? சீட்டு வெளிய கெடக்கு, டேங்கு தொறந்து கெடக்குன்னா?"

பெரியப்பா வருவதற்குள் பம்ப்பை மாட்டி, வண்டியை ஓடவிட்டு, போர்வையும் தொட்டியும் இருக்கிற இடத்திலேயே அவரை வீட்டுக்குள் அழைத்துப்போய்விட வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் யோசனை இல்லை. அப்பா பழைய பம்ப்பை ஒரு பையில் போட்டு, சைக்கிளில் போய் இதே மாதிரி புதியது வாங்கிவரச் சொன்னார். பச்சை ரப்பர் கைப்பிடி போட்ட என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்தபடி நின்றது. செயின் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தே போனேன்.

கடைக்காரர் காருக்கு எந்த வருஷம் என்று கேட்டார். பெரியப்பா வழக்கமாகச் சொல்லும் வருஷத்தைச் சொன்னேன். கொண்டுவந்து பார்த்தால் குழாய் மாட்டும் முனை பெரிதாக இருந்தது. பெண்கள் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்வது போலப் பெரியப்பா காரின் வயதைச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் நடந்து போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

"செயினை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும், இப்படிக் கொண்டா" என்றார் அப்பா.

"வேணாம்பா. நடந்தா உடம்புக்கு நல்லது."

பஸ் ஸ்டாப் வரை நடக்க அழுகிற பெண் இப்படிப் பேசியதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஸ்க்ரூவை எடுக்க டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்பா முடிவு செய்தார். நீளக் காம்பு கரண்டியால் மொண்டு மொண்டு ஒரு பக்கெட்டில் ஊற்றினார். கடைசிக் கரண்டியில் காந்தமும் அதைக் கட்டிப்பிடித்தபடி ஸ்க்ரூவும் வந்தன. அப்பா அதை ஒரு மீனவரைப் போலத் தூக்கிக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். அதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

பக்கெட்டை அப்பா காருக்குப் பின்னால், தொட்டிகளின் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் பக்கெட்டும் அங்கேதான் இருந்தது. செடிகள் ஏன் காருக்குப் பின்னால் இருக்கின்றன என்ற கேள்வி யார் மனதிலும் வந்துவிடக் கூடாது என்று அம்மா தினமும் அந்த நேரத்தில் எல்லோரும் பார்க்க அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அன்றும் ஊற்றினாள். முற்றம் முழுக்க ஒரே நாற்றம் என்பதால் பக்கெட் மாறியது யாருக்கும் தெரியவில்லை. மிச்சப் பெட்ரோலைத் திருப்பி ஊற்றப் போன அப்பாதான், பாதி பக்கெட் எங்கே என்று கேட்டார். அம்மா கையில் இருந்த குவளையை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா புது பம்ப்பை உள்ளே இறக்கினார், வளையத்தைத் திருகினார், மூடியைப் போட்டார். வெற்றிக் களிப்பில் கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைத்ததை இழுத்துத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் அது முன்பக்கத்துப் போர்வை என்று தெரிந்தது. பெட்ரோல் தோய்ந்த துணியைத் திரும்பக் காரின் மேல் போட முடியாது. அவர் அப்படியே முன்பம்பரின் வலது மூலையில் போய் நின்றுகொண்டார். சீட்டை மாட்டுங்கள் என்று அம்மா சொன்னபோது, நீ மாட்டு, நான் இங்கிருந்து சொல்கிறேன் என்றார். நான் சாய்த்து வைத்திருந்த சீட்டை அம்மாவே தூக்கிக்கொண்டு போனாள். அந்த இடத்தில் நான் சாய்ந்துகொண்டேன்.

சாவியைப் போட்டோம். ம்ம்ம் கேட்கவில்லை. மறுபடியும் போட்டோம். கர் கர் என்ற இருமல்தான். புது பம்ப்பும் பழைய பம்ப்பைப் போலவே மௌன விரதம் இருந்தது.

அன்று இரவு அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தத் தூணால்தான் வண்டி கெட்டது என்று நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். எங்கள் வீட்டில் தேள் ஒன்று, திருடர்கள்தான் அதிகம்.

காலையில் பார்த்தால் செடிகள் எல்லாம் இலை கொட்டிக் குச்சிகளாக நின்றன. பின்பம்பரின் பள்ளம் குச்சிகளுக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்த கணத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது.

பெரியப்பா கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது அப்பா முன்மூலையில் இடுப்பை ஒட்டிக்கொண்டு நின்றார். அம்மா பின்பம்பரில் புடவையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நான் இடது கதவோடு கதவாக நின்றேன்.

"என்ன, மூணு பேரும் வண்டியில ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"பிரிய மனசு வரலண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா அப்படியே உருகிப்போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவர்களிடமிருந்து வண்டியைப் பிடுங்க அவர் கல்நெஞ்சக்காரர் இல்லையாம். குளித்துவிட்டு வருகிறாராம், ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுச் சாவியை அம்மா கையிலேயே கொடுத்துவிடுகிறாராம். துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பெரியம்மா போகவில்லை. மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள். படியோரம் கிடந்த பழைய பம்ப்பைக் காலால் திருப்பிப் பார்த்தாள்.

"இதையா தம்பி மாத்தினீங்க?"

அப்பா உடைந்துவிட்டார். பம்ப் செத்தது, மாற்றியது, மாற்றியும் ஓடாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தூணைத் தவிர. பெரியம்மா அம்மாவை எழுந்திருக்கச் சொல்லி டிக்கியைத் திறந்தாள். இடது ஓரத்தில் விரிப்பைத் தூக்கினாள். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன் எகிறி நின்றது. அமுக்கினாள். டிக் என்றது.

"இப்பச் சாவியைப் போடுங்க."

சீட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று கேட்டது. அடுத்த நொடி இன்ஜின் பற்றிக்கொண்டது. பூ மாதிரி ஓடியது. அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"எங்கயாவது பலமா இடிச்சா, இந்த ஓரத்துல லேசா இடிச்சாக்கூட, இந்தப் பட்டன் எகிறி பெட்ரோல நிறுத்திடும், தீப்பிடிக்கக் கூடாதுன்னு. அமுக்கினாப் போதும்" என்றாள் பெரியம்மா.

"அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"அவருக்கு எப்படித் தெரியும்? அவர்தான் இடிக்கவே மாட்டாரே. நான் எத்தனை தடவை அமுக்கியிருக்கேன்."

இடிச்சா என்ற சொல் முற்றத்தின் நடுவில் அப்படியே நின்றது. பெரியம்மா முன்மூலையைப் பார்த்தாள். பின்பம்பரைப் பார்த்தாள். அப்பா, முன்னாடி இடித்தது நான்தான் என்றார். அதே நேரத்தில் அம்மா, பின்னாடி இடித்தது நான் என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"ஆனா அதெல்லாம் போன மாசம் அக்கா. அதுக்கப்புறம் நான் தினமும் வேலைக்கு ஓட்டிட்டுப் போயிருக்கேன்" என்றாள் அம்மா.

"அப்ப அதனால இல்ல. இடிச்ச உடனேதான் நிக்கும்."

பெரியம்மா என் பக்கம் வந்தாள். தள்ளி நில் கண்ணு என்றாள். நான் நகரவில்லை. அவளே என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். கதவின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து கோணலாக ஒரு நீளக் கோடு. பள்ளத்துக்குள் ஒட்டியிருந்த பச்சை ரப்பர் துணுக்கை நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அப்பாவின் பார்வை மாடிப்படிக்கு அடியில் போனது. அம்மாவின் பார்வையும் போனது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடி, பின்னாடி ரெண்டும் ஊருக்குப் போறதுக்கு முன்னாலயே நான் இடிச்சதுன்னு சொல்லிக்கறேன், அவர் நம்பிடுவார். ஆனா எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியுமே. இதை யாரு இடிச்சதுன்னு சொல்லட்டும்?"